தேயிலை போன வழியில் விற்றமின் போகாது

ஹட்டனில் இருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய மச்சானுக்கு ரொறன்ரோவில் ஸ்காபுரோ பக்கம் பலசரக்குக் கடை. இங்கிருந்து போகும் தேயிலைப் பைக்கற்றுகளும் அங்கே விற்பனையாகின்றன. இப்போது வேறு யோசனை. கொழும்புக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் விற்றமின் சி குளிசையும், முருங்கை இலை சேர்த்த மல்ட்டி விற்றமின் கப்சூலும் சொந்தப் பெயரில் செய்வித்து, மொத்தமாக ஹட்டனுக்குக் கொண்டுவந்து, வீட்டோடு இருக்கும் அறையில் நான்கு பிள்ளைகளை வைத்துப் போத்தலில் அடைத்து அனுப்பலாம் என்று பார்க்கிறார். கேள்வி மூன்று. முதலில் ஐம்பது போத்தல் பார்சலில் அனுப்பி விற்றுப் பார்க்கலாமா? லைசன்ஸ் எடுக்க வேண்டியது நானா, மச்சானா? லண்டனில் இருக்கும் நண்பர் லைசன்ஸே தேவையில்லை என்கிறாரே, அது சரியா?

லண்டன் நண்பர் பொய் சொல்லவில்லை. அவர் ஊர்க் கதையைச் சொல்கிறார். இங்கிலாந்தில் விற்றமின் குளிசை உணவு வகையில் வருகிறது, 2003 ஆம் ஆண்டின் உணவுத் துணைப்பொருள் விதிகளின் கீழ். நோயைக் குணமாக்கும் என்று எழுதாதவரை பொருளுக்கு முன்அனுமதி கேட்க மாட்டார்கள். கனடாவில் அதே போத்தல் ‘இயற்கைச் சுகாதாரப் பொருள்’ ஆகிவிடும். 2004 ஜனவரி 1 முதல் இதற்குத் தனி ஒழுங்குவிதிகள் இருக்கின்றன. உங்கள் தேயிலை அங்கே உணவு, குளிசை உணவு அல்ல. அதனால் தேயிலைக்குப் போட்ட கடதாசி எதுவும் இதற்கு உதவாது.

பார்சல் யோசனையை விட்டுவிடுங்கள். 90 நாள் பாவனைக்கு மேற்படாத அளவை ஒருவர் தன் சொந்தத் தேவைக்குக் கொண்டுபோகலாம். ஐம்பது போத்தல் யாருடைய சொந்தத் தேவை? அனுமதி எண் இல்லாத ஒரு போத்தல் கடை அலுமாரிக்குப் போனாலும் அது சட்டவிரோத விற்பனைதான்.

அந்த எண் என்ன? ஹெல்த் கனடா என்ற அந்நாட்டுச் சுகாதாரத் திணைக்களம் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே பார்த்து அனுமதி தந்து எட்டு இலக்க எண் ஒன்றைக் கொடுக்கும். என்.பி.என். என்பார்கள். விற்றமின் சி குளிசைக்கு ஒன்று, மல்ட்டி விற்றமினுக்கு இன்னொன்று.

யார் பெயரில் எடுப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். இதில் இரண்டு அனுமதி உண்டு. ஒன்று பொருளுக்கு, மற்றது இடத்துக்கு. பொருளுக்கான அனுமதியை இலங்கையில் இருக்கும் நீங்களே எடுக்கலாம். கனடாவில் ஒரு பிரதிநிதியின் பெயரையும் முகவரியையும் கொடுத்தால் போதும். அதை உங்கள் பெயரிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். “நாங்களே எடுத்துத் தருகிறோம்” என்று இறக்குமதியாளர் சொன்னால் கேட்க இதமாகத்தான் இருக்கும். நாளைக்கு அவரோடு மனஸ்தாபம் வந்தால் எண் அவரிடம், வெறும் போத்தல் உங்களிடம்.

இட அனுமதி இறக்குமதி செய்பவருக்கும், கனடாவில் உற்பத்தி செய்பவர், பொதி செய்பவர், லேபல் ஒட்டுபவர் ஆகியோருக்கும் வேண்டும். சும்மா வாங்கி விற்கும் கடைக்கு வேண்டாம். ஆகவே மச்சான் கடைக்காரராக மட்டும் இருந்தால் அவருக்கு ஒன்றும் தேவையில்லை. சரக்கு அவர் பெயரில் சுங்கத்தைத் தாண்டினால் அவர் இறக்குமதியாளர். அப்போது தர உத்தரவாதத்துக்குப் பொறுப்பான தகுதியுள்ள ஆள், களஞ்சியம், ஒரே தடவையில் செய்த ஒவ்வொரு தொகுதிக்கும் பதிவேடு, பிழையான சரக்கைக் கடைகளில் இருந்து திருப்பி எடுக்கும் ஏற்பாடு எல்லாம் வைத்திருக்க வேண்டும். பலசரக்குக் கடையின் பின்னறையில் நடக்கிற காரியமா இது? ஏற்கெனவே இட அனுமதி உள்ள ஒரு இறக்குமதியாளரைப் பிடித்து, மச்சான் அவரிடம் வாங்கி விற்பதுதான் புத்தி.

லேபல் ஒட்டுவதும் அனுமதி வேண்டிய வேலை என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல வருடங்களுக்கு முன் நான் கடதாசி பார்த்துக் கொடுத்த ஒரு சரக்கில் லேபல் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. பிரெஞ்சும் கட்டாயம். “பரவாயில்லை, அங்கே போய் ஸ்டிக்கர் ஒட்டலாம்” என்றேன். அனுமதி பெற்ற இடத்தில் கூலி கொடுத்து ஒட்டியதில் லாபம் முழுக்கக் கரைந்தது. அந்த வாடிக்கையாளர் இன்றும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இனி உங்கள் ஹட்டன் அறை. நான்கு பிள்ளைகளுக்கு வேலை கொடுக்க நினைப்பது நல்ல மனசு. ஆனால் போத்தலில் அடைக்கும் இடமும் கனடாவின் உற்பத்தித் தரத்துக்கு ஏற்றது என்று இறக்குமதியாளர் அத்தாட்சி காட்ட வேண்டும். ஜூன், ஜூலை மழையில் ஹட்டனில் உப்பு ஜாடியே தண்ணீர் விடும். விற்றமின் சி ஈரத்தைக் கண்டால் மஞ்சளாகிப் பழுப்பாகும், வீரியமும் குறையும். ஈரப்பதம் கட்டுப்படுத்திய அறை, அதன் அளவுப் பதிவு, சுத்திகரிப்புப் பதிவு என்று செலவு ஏறிக்கொண்டே போகும். தொழிற்சாலையிலேயே அடைத்து மூடி வாங்குங்கள். அந்தத் தொழிற்சாலையிடமும் சுவரில் மாட்டிய சான்றிதழைப் பார்த்துத் திருப்தி அடையாமல், தொகுதிப் பதிவேடுகளையும் ஈயம், ஆர்சனிக், கட்மியம், பாதரசப் பரிசோதனை அறிக்கைகளையும் இறக்குமதியாளருக்குக் காட்டுவார்களா என்று முற்பணம் கொடுக்கும் முன் கேளுங்கள்.

முருங்கையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். (நமது குளிருக்கு அது ஒழுங்காக வருவதுமில்லை. எப்படியும் கீழே இருந்துதான் வாங்கப் போகிறீர்கள்.) சாதாரண விற்றமின்களுக்கு அளவு, பயன், எச்சரிக்கை எல்லாவற்றையும் ஹெல்த் கனடாவே முன்கூட்டி எழுதி வைத்திருக்கிறது. அதற்கு அச்சொட்டாகப் பொருந்தினால் தனியாக ஆதாரம் காட்டத் தேவையில்லை. பரிசீலனைக்கு அவர்கள் வைத்திருக்கும் இலக்கும் 60 நாள்தான். அந்த வரையறைக்கு வெளியே போனால் அது 210 நாள் வரை நீளும். அதிலும் “சீனி வருத்தத்தைக் குறைக்கும்” என்று இங்கே முருங்கைப் பொதிகளில் அடிக்கிற வாசகத்தை அங்கே நினைத்தும் பார்க்க வேண்டாம். அனுமதியில் உள்ள வாசகத்தை மட்டுமே லேபலில் போடலாம்.

மல்ட்டி விற்றமின் செய்தால் போலிக் அமிலம் என்ற பி வகை விற்றமினைக் கவனியுங்கள். இந்தியாவில் 5 மில்லிகிராம் குளிசை சாதாரணம். கனடாவில் நாளொன்றுக்கு 1 மில்லிகிராமைத் தாண்டினால் அது வைத்தியர் எழுதிக் கொடுக்கும் மருந்து. இந்தியக் கலவையை அப்படியே பிரதி எடுத்துத் தரும் தொழிற்சாலைகள் இதைச் சொல்லாது.

என் கணக்கில் நீங்கள் முதல் வருடம் விற்றமின் சி ஒன்றோடு நிற்பது நல்லது. இறக்குமதியாளரை எங்கே தேடுவது என்று அலைய வேண்டாம். மச்சானை அந்தப் பக்கத்து மருந்துக்கடைக்குப் போய் வெளிநாட்டில் செய்த நான்கைந்து விற்றமின் போத்தல்களைப் புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் லேபலில் இருந்தே ஆக வேண்டும். அதையும் என்.பி.என். எண்ணையும் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். அந்த எண்ணை ஹெல்த் கனடாவின் பொதுத் தரவுத்தளத்தில் போட்டால் அனுமதி யாருடைய பெயரில் இருக்கிறது என்பது தெரியும். இறக்குமதியாளர் ஒருவராகவும் அனுமதி வைத்திருப்பவர் வேறொருவராகவும் இருந்தால், பிறர் சரக்கை ஏற்றுக்கொள்ளும் ஆள் அவர். முதல் தொலைபேசி அழைப்பை அவருக்கு எடுங்கள்.