மின்சாரமில்லாத வேட்டை முகாமில் வெந்நீர் ஷவர் அமைப்பது எப்படி?

கேள்வி: நாங்கள் நால்வர் ஒவ்வோர் ஆண்டும் இலையுதிர்காலத்தின் இறுதியில் பத்து நாள் காட்டுக்குள் தங்கி வேட்டையாடுகிறோம். முகாம் வரை வண்டி வரும், மின்சாரம் இல்லை, அருகில் ஓர் ஓடை உண்டு. வெயிலில் சூடேறும் கறுப்புத் தண்ணீர்ப் பை எங்களுக்குப் பயன்படவில்லை. கார் பேட்டரியில் இயங்கும் ஹீட்டர் வாங்கலாமா? அல்லது எரிவாயு ஹீட்டர் ஒன்றைக் குளியல் கூடாரத்துக்குள்ளேயே மாட்டிக்கொள்ளலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். முதலாவது உங்களை ஏமாற்றும். இரண்டாவது உயிரையே பறிக்கக்கூடும். தண்ணீரைச் சூடாக்குவதையும் அதைத் தலைக்கு மேல் கொண்டுவருவதையும் ஒரே கருவி செய்ய வேண்டும் என்று எண்ணுவதிலிருந்துதான் பெரும்பாலான சிக்கல்கள் தொடங்குகின்றன. இவ்விரண்டையும் பிரித்துவிட்டால் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் அடுப்பும் ஒரு பெரிய பாத்திரமும் பாதி வேலையை முடித்துவிடும்.

முதலில் வெப்பக் கணக்கைப் பார்ப்போம். ஒருவர் உடலை நனைத்து, தண்ணீரை நிறுத்தி, சோப்புத் தேய்த்து, மீண்டும் அலசுவதற்கு 12 லிட்டர் தாராளமாகப் போதும். ஓடைத் தண்ணீர் 10 டிகிரி செல்சியஸில் இருக்கிறது, குளிப்பதற்கு 40 டிகிரி வேண்டும் என்று கொண்டால், அந்த 12 லிட்டரை 30 டிகிரி உயர்த்துவதற்குச் சுமார் 0.42 கிலோவாட் மணி ஆற்றல் தேவைப்படும். 12 வோல்ட், 60 ஆம்பியர் மணி கொண்ட கார் பேட்டரியில் மொத்தமாக இருப்பதே 0.72 கிலோவாட் மணிதான். அதில் பாதிக்கு மேல் இறக்கினால் ஈய அமில பேட்டரி கெட்டுப்போகும். அதாவது, முதலாமவர் குளித்து முடிப்பதற்குள் பேட்டரி எல்லையைத் தாண்டியிருக்கும், மறுநாள் காலை வண்டி கிளம்பாமலும் போகலாம். ஆனால் தண்ணீரை ஏற்றும் சிறிய பம்பு மிகக் குறைவான மின்சாரத்தையே எடுத்துக்கொள்ளும். நால்வர் குளிப்பதற்கும் சேர்த்து ஓரிரு ஆம்பியர் மணிக்கு மேல் செலவாகாது. ஆகவே பேட்டரி பம்புக்கு, நெருப்பு வெப்பத்துக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கறுப்புப் பை உங்களைக் கைவிட்டதற்கும் இதே கணக்குதான் காரணம்: இலையுதிர்கால வெயில் சாய்வாக விழுகிறது, பகல் குறுகுகிறது, பை வாங்கிக்கொள்ளும் வெப்பத்தைக் குளிர்க்காற்று உடனுக்குடன் பறித்துக்கொள்கிறது.

நான் பரிந்துரைப்பது விளாவும் முறை. கொதிநீர் ஒரு பங்கு, 10 டிகிரித் தண்ணீர் இரண்டு பங்கு என்று விளாவினால் சரியாக 40 டிகிரி வரும். ஒருவருக்கு 4 லிட்டர் கொதிநீரும் 8 லிட்டர் குளிர்ந்த நீரும் போதும் என்பதால், 20 லிட்டர் பாத்திரம் ஒன்றை ஒருமுறை கொதிக்கவைத்தால் நால்வருக்கும் ஆகிவிடும். திறந்த நெருப்பில் வெப்பத்தின் பெரும்பகுதி வீணாகும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால் இதற்கு நான்கைந்து கிலோ உலர்ந்த விறகு செலவாகலாம். எரிவாயு அடுப்பானால் கால் கிலோ அளவு போகும். புகைபோக்கி உள்ள விறகடுப்பு உங்கள் கூடாரத்தில் மாலையில் எப்படியும் எரியுமானால், பாத்திரத்தை அதன் மேலேயே வைத்துவிடுங்கள். தனியாக எரிபொருள் வேண்டியதில்லை. மூடி தளர்வாகவே இருக்கட்டும். இறுக மூடிய எந்தக் கலத்தையும் நெருப்பில் வைக்கக் கூடாது, ஏனெனில் ஆவி வெளியேற வழியில்லாவிட்டால் அந்தக் கலம் வெடித்துவிடும்.

விளாவும்போது வாளியில் முதலில் குளிர்ந்த நீரை ஊற்றி, பிறகு கொதிநீரைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். வாளியும் குழாயும் காற்றும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் 42 டிகிரி வரை விளாவலாம். குளிரில் விறைத்த கைக்குச் சூடு சரியாகத் தெரியாது. ஆகவே வெப்பமானி வைத்துப் பாருங்கள். 60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளிலேயே தோலை ஆழமாகச் சுட்டுவிடும்.

இனி தண்ணீரை மேலே கொண்டுவரும் வழி. வாளிக்குள் அமிழ்த்தி வைக்கும் சிறிய பம்பும், அதன் குழாயின் முனையில் பூவாளித் தலையும் கொண்ட தொகுப்பு எனக்கு மிகவும் பிடித்தது. வாளி தரையிலேயே இருப்பதால் எதுவும் தலைமேல் தொங்காது. பம்பு எத்தனை டிகிரி வரை தாங்கும் என்பதை மட்டும் வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள். பம்பு வேண்டாமென்றால், பூச்சிமருந்துக்கு ஒருபோதும் பயன்படுத்தாத, புதிய கைத்தெளிப்பான் நன்றாக உழைக்கும். பையை மரத்தில் தொங்கவிடுவதானால், ஒரு மீட்டர் உயரத்துக்கு 0.1 பார் அழுத்தமே கிடைக்கும் என்பதையும், 12 கிலோவுக்கு மேற்பட்ட எடை தலைக்கு மேல் ஆடுகிறது என்பதையும் நினைவில் கொண்டு கிளையைத் தேர்ந்தெடுங்கள். எந்த வழியானாலும் நிமிடத்துக்கு மூன்று லிட்டருக்கு மேல் விடாத பூவாளித் தலையும், கைக்கெட்டும் இடத்தில் தண்ணீரைத் திறந்து நிறுத்தும் ஒரு திருகும் இருந்தால்தான் 12 லிட்டர் போதுமானதாக இருக்கும்.

எரிவாயு ஹீட்டர்தான் வேண்டும் என்று முடிவெடுத்தால், அது திறந்த வெளியில் மட்டுமே இருக்க வேண்டும்; குளிப்பவர் தடுப்புக்குள் நிற்கலாம், ஹீட்டர் உள்ளே வரக் கூடாது. நெருப்புக்குப் போதிய காற்று கிடைக்காதபோது உருவாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்புடன் இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஒட்டிக்கொள்ளும். தலைவலியும் மயக்கமும் வெந்நீரின் களைப்பைப் போலவே தோன்றுவதால், ஆபத்தை உணர்வதற்குள் நிற்கும் வலுவே போய்விடும். கசியும் எரிவாயுவும் காற்றைவிடக் கனமானது. கூடாரத்துக்குள் தரையோடு தேங்கி நிற்கும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எந்தச் சமாதானத்தையும் ஏற்காதீர்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

சுமார் 10 கிலோவாட் திறனுள்ள ஹீட்டர், நிமிடத்துக்கு 5 லிட்டர் ஓடும் தண்ணீரை 28 டிகிரி அளவுக்கு உயர்த்தும். ஓடை 10 டிகிரியைவிடக் குளிர்ந்திருந்தால் ஓட்டத்தைக் குறைக்க வேண்டியதுதான். பெரும்பாலான ஹீட்டர்கள் குறிப்பிட்ட அழுத்தம் இருந்தால்தான் பற்றிக்கொள்ளும் என்பதால் இதற்கும் பம்பு தேவைப்படும். பியூட்டேன் சுழியத்தை ஒட்டிய குளிரில் ஆவியாகாது; ஆகவே புரோபேன் உருளையையே கொண்டுசெல்லுங்கள். தண்ணீரை நிறுத்தி மீண்டும் திறக்கும்போது ஹீட்டருக்குள் தங்கியிருந்த நீர் முதலில் மிகுந்த சூட்டுடன் பாயும். அதைத் தரையில் விட்டுவிட்டுப் பிறகு பூவாளியின் கீழ் நில்லுங்கள். உறையும் நீர் ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவடைந்து உள்ளிருக்கும் செப்புக் குழாயைப் பிளந்துவிடும். எனவே ஒவ்வொரு இரவும் ஹீட்டர், பம்பு, குழாய் மூன்றையும் முழுவதுமாக வடித்துவிட வேண்டும். நெருப்புக்குள் செப்புச் சுருளை வைத்துத் தண்ணீர் ஓட்டும் முறையைச் சிலர் புகழ்வார்கள். ஓட்டம் ஒரு கணம் நின்றாலும் அதிலிருந்து கொதியாவி பீறிடும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

குளிக்கும் இடத்துக்குக் காற்றின் திசையைத் தடுக்கும் தார்ப்பாய் மூன்று பக்கமும், காலடியில் மரச்சட்டத் தட்டும் வேண்டும். ஈர உடம்பில் காற்றுப் பட்டால் வெந்நீர் தந்த சூடெல்லாம் நிமிடத்தில் போய்விடும். தடுப்புக்குள்ளேயே துடைத்து உடுத்திக்கொண்டு வெளியே வாருங்கள்.

கழிவுநீரை ஓடையிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி மண்ணுக்குள் இறங்க விடுங்கள். மக்கும் சோப்பு என்று எழுதியிருந்தாலும் அது மண்ணில்தான் மக்கும், ஓடைக்கு ஆகாது. மான் இனங்களின் மோப்பம் கூர்மையானது என்பதால் மணமற்ற சோப்பையே வேட்டைக்காரர்கள் தேர்வது வழக்கம். கரடி நடமாடும் காடானால் அதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. ஓடைத் தண்ணீரைத் துணியில் வடிகட்டியே பம்புக்கு விடுங்கள், குளிக்கும்போது விழுங்காதீர்கள். விளாவிய தண்ணீர் மிஞ்சினால் மறுநாளுக்கு என்று மூடிவைக்காமல் கொட்டிவிடுங்கள். வெதுவெதுப்பாகத் தேங்கும் நீரில் பெருகும் கிருமிகள் பூவாளியின் நுண்துளிகளோடு நுரையீரலுக்குள் போகக்கூடும்.