இலை மஞ்சளானால் உடனே பொட்டாஷா?

கேள்வி: 40 சென்ட் மல்லிகை. அடி இலைகளில் நரம்பு பச்சையாக இருக்கிறது, நடுவில் மஞ்சள். கடைக்காரர் பொட்டாஷ் குறைவு என்றார். மூன்று தடவை போட்டும் மஞ்சள் கூடுகிறது. வேறு கம்பெனி மூட்டை வாங்கட்டுமா? (திருப்பரங்குன்றம்)

பதில்: எந்தக் கம்பெனி மூட்டையும் வேண்டாம், முதலில் நிறுத்துங்கள். பொட்டாஷ் குறைந்தால் அடி இலையின் ஓரம்தான் முதலில் மஞ்சளாகிக் கருகும். நீங்கள் சொல்வது பெரும்பாலும் மெக்னீசியக் குறைவு. கொழுந்து இலையில் இதே மாதிரி இருந்தால் இரும்பைச் சந்தேகப்படலாம். பொட்டாசியம் (பொட்டாஷ் உரம் தரும் சத்து), கால்சியம், மெக்னீசியம் மூன்றும் நேர்மின்னேற்றம் உள்ளவை, வேரில் நுழைய ஒன்றோடொன்று போட்டி போடும். ஒன்றை அள்ளிக் கொட்டினால் மற்ற இரண்டும் உள்ளே போவது குறையும். மூன்று தடவை போட்டு நீங்களே மெக்னீசியத்தை வெளியே நிறுத்தியிருக்கிறீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். பொட்டாஷ் சத்து டானிக் இல்லை, இலைக்குள் ஓடும் ஒரு மின்னேற்றக் கணக்கின் பெரிய பங்கு அது. உள்ளே வந்த நேர்மின்னுக்குச் சமமாக எதிர்மின் வேண்டும். நைட்ரேட், குளோரைடு, பாஸ்பேட் போக மிச்சத்துக்கு இலையே மாலிக் அமிலம் போன்ற கரிம அமிலங்களைத் தயாரித்து ஈடுகட்டுகிறது, நைட்ரேட்டைப் புரதமாக்கும்போது காலியாகும் இடத்திலும் அதுவே வந்து உட்காருகிறது. பொட்டாசியம் பற்றாவிட்டால் கால்சியமும் மெக்னீசியமும் சோடியமும் இலையில் கூடும், ஆனால் அதன் வேலை முழுவதையும் அவற்றால் செய்ய முடியாது. அப்போது இலை ஈடாகப் புட்ரசின் என்ற நேர்மின்னுள்ள பொருளைச் சேர்த்து வைக்கும், பார்லிச் செடியில் இதை 1952லேயே காட்டிவிட்டார்கள். கூடினாலும் குறைந்தாலும் இலைக்குக் கஷ்டம்தான்.

மல்லிகைக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது செடிக்கு வருடம் 120 கிராம் பொட்டாஷ் சத்து, அதுவும் இரண்டு தவணையாக. சிவப்பு பொட்டாஷில் 60 சதம்தான் சத்து, ஆக வருடத்துக்கு 200 கிராம் உரம். நீங்கள் போட்டதைக் கூட்டிப் பாருங்கள். மண்ணை எடுத்துக்கொண்டு ஒத்தக்கடை வேளாண் கல்லூரிக்குப் போய்விட்டு, அப்புறம் மெக்னீசியம் சல்பேட் வாங்குவதைப் பற்றி யோசியுங்கள்.

கேள்வி: மாடித் தோட்டத்துக்கு 'பொட்டாஷ் டானிக்' ஒரு பாட்டில் 480 ரூபாய். வாங்கலாமா? (கே.கே.நகர்)

பதில்: பாட்டிலில் எத்தனை சதம் என்று போட்டிருக்கிறதா? இல்லையென்றால் வாங்காதீர்கள். தமுக்கம் கண்காட்சியில் இப்படி ஒன்றை வாங்கி, என் மாமியார் நட்டு வைத்த எலுமிச்சைக்கு ஊற்றினேன். ஒரே வாரத்தில் இலை ஓரமெல்லாம் கருகியது, மரம் திரும்பவே இல்லை. லேபிளில் ஒரு எண்கூட இல்லாததை வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன், இன்னும் மனசு ஆறவில்லை. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் தொட்டிக்குக் குளோரைடு உள்ள சிவப்பு பொட்டாஷும் வேண்டாம். 0-0-50 என்று வரும் வெள்ளை சல்பேட் உரம் விலை அதிகம்தான், ஆனால் தொட்டிக்குத் தேவை கொஞ்சம்தானே.

கேள்வி: உரம் போலி. பில் வாங்கவில்லை, சாக்கையும் விற்றுவிட்டேன். வழக்குப் போடலாமா? (உசிலம்பட்டி)

பதில்: எதை வைத்து? கைரேகை வைத்து வாங்கும் உரத்துக்குப் பில் கேட்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

கேள்வி: தம்பி, நகையை அடகு வைத்து மூன்று மூட்டை பொட்டாஷ் வாங்கினேன். ஒன்றைக் கரைத்தால் தண்ணீர் செக்கச்செவேல் என்று ஆகி, அடியில் செங்கல் பொடி மாதிரி நிற்கிறது. பில் இருக்கிறது. கடையில் கேட்டால் விரட்டுகிறார்கள். (மேலூர்)

பதில்: அம்மா, உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. நல்ல பொட்டாஷ் பெரும்பாலும் கரைந்து, சிவப்புத் துகள் கொஞ்சம் மேலே மிதக்கும். உங்கள் சந்தேகம் நியாயமானது, ஆனால் வீட்டுச் சோதனை சாட்சியாக நிற்காது. வட்டார வேளாண் அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள், உர ஆய்வாளர் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பட்டும். புகார் நகலில் முத்திரை வாங்காமல் வராதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கும் போன் செய்யுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போக வேண்டும். விவசாயி நுகர்வோர் ஆக மாட்டார் என்று யாராவது வாதாடினால் பயப்படாதீர்கள், விதை வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2012ல் அதை ஏற்கவில்லை. மீதி இரண்டு மூட்டையின் தையலை மட்டும் பிரிக்காதீர்கள், யார் வந்து மாற்றித் தருகிறேன் என்றாலும் மாதிரி எடுக்கும் வரை கொடுக்காதீர்கள்.