டிரைவர் நிரலைக் கெர்னலுக்குள் வைப்பதா, வெளியே வைப்பதா?

டிரைவர் என்பது ஒரு வன்பொருளோடு பேசத் தெரிந்த நிரல். கெர்னல் இயங்குதளத்தின் மையம். நினைவகம், பிராசசர் எல்லாம் அதன் கையில்தான்.

கெர்னலை நம்ம வேலூர்க் கோட்டையாக நினைத்துக்கொள்ளுங்கள், சுற்றிலும் அகழி, டிரைவர்தான் குடியிருப்பவர். உள்ளே குடியிருப்பவர் நினைத்த நேரத்தில் கிடங்குக்குப் போய் வரலாம், ஆனால் அவர் அடுப்பில் தீப்பிடித்தால் கோட்டைக்கே ஆபத்து. கோட்டைக்கு வெளியே லாங்கு பஜாரில் இருப்பவர் வீட்டில் தீப்பிடித்தால் கோட்டைக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் அவர் ஒவ்வொரு வேலைக்கும் அகழியைத் தாண்டி, வாசலில் அனுமதி கேட்டுத்தான் வரவேண்டும்.

நெட்வொர்க் கார்டு நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை கெர்னலைக் கூப்பிடும், ஒவ்வொரு முறையும் அகழி தாண்டினால் கட்டுப்படியாகாது, அதனால் லினக்ஸ் இயங்குதளத்தில் அதன் டிரைவர் உள்ளே இருக்கிறது. ஸ்கேனருக்கு அந்த அவசரம் இல்லை, வெளியே போதும். மினிக்ஸ் 3 என்ற இயங்குதளம் டிரைவர்களை வெளியேதான் வைக்கிறது. ஒன்று விழுந்தால் அதை மட்டும் மறுபடி எழுப்பிக்கொள்ளும், எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது. நீங்கள் எழுதுவதாக இருந்தால் முதலில் வெளியே எழுதிப் பாருங்கள், வேகம் போதவில்லை என்று அளந்து தெரிந்த அப்புறம் உள்ளே கொண்டுபோகலாம்.

லினக்ஸ் மாட்யூல், அதாவது தேவைப்படும்போது கெர்னலில் ஏற்றிக்கொள்ளும் நிரல் துண்டு, தனிக் கோப்பாக இருப்பதால் அது கெர்னலுக்கு வெளியே ஓடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, ஏற்றிய நொடியிலிருந்து அது கோட்டைக்குள் குடியிருக்கும் ஆள்தான்.