சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் பெட்ரோல் இன்ஜின் சில நொடிகள் உதறிக்கொண்டே ஓடுவது ஏன்?

பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் பொருத்திய கார்களில் சாவி துண்டிப்பது ஸ்பார்க் பிளக்குக்கான மின்சாரத்தை மட்டுமே; பெட்ரோல் வரும் வழியை அது அடைப்பதில்லை. இன்ஜின் சுழன்று காற்றை உறிஞ்சும் வரை ஐட்லிங் ஜெட் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் மெதுவாக ஓடும் ஐட்லிங் நிலைக்குப் பெட்ரோல் தரும் சிறு துளை) வழியாகப் பெட்ரோலும் உள்ளே போய்க்கொண்டிருக்கும். சிலிண்டருக்குள் கனன்றுகொண்டிருக்கும் கரிப்படிவோ, அளவுக்கு மீறிச் சூடான பிளக் முனையோ, எக்ஸாஸ்ட் வால்வின் மெல்லிய விளிம்போ அந்தக் கலவையைப் பற்றவைத்துவிட்டால், இன்ஜின் தடதடவென்று உதறியபடி ஓடும்; சில வேளைகளில் எதிர்த்திசையில் சுழன்றுகூட அடங்கும். ஆக்டேன் (தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாங்கும் திறன்) குறைந்த பெட்ரோலாக இருந்தால், அழுத்தமும் சூடும் சேர்ந்தே அதைப் பற்றவைத்துவிடக்கூடும். இதைத்தான் மெக்கானிக்குகள் டீசலிங் என்கிறார்கள்.

இதற்குப் பலரும் உடனே சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிக் கரி எடுக்கச் சொல்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது ஐட்லிங் வேகத்தைத்தான் என்பது என் உறுதியான கருத்து. நன்றாகச் சூடேறிய எந்த இன்ஜினிலும் ஓரளவு கனல் இருக்கவே செய்யும். அதற்குத் தீனி போடுவது, காற்று போகும் வழியைத் திறந்து மூடும் திராட்டில் தகடு விட்டிருக்கும் இடைவெளி; ஐட்லிங் வேகத்தைக் கூட்டிவைத்தால் அதுவும் கூடும். அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத்துக்குப் பிறகு, புகையைக் குறைப்பதற்காக ஐட்லிங்கில் பிளக் பொறி விடும் நேரமான ஸ்பார்க் டைமிங்கைத் தாமதப்படுத்தினார்கள். தாமதமான டைமிங்கில் இழுவை குறைவதால், இன்ஜின் அணைந்துவிடாமல் இருக்கத் திராட்டிலைக் கூடுதலாகத் திறந்துவைக்க வேண்டியிருந்தது. இந்தக் கோளாறு அங்கே பரவலானதற்கு அது ஒரு முக்கியக் காரணம். அதற்குத் தீர்வாகத்தான், மின்சாரம் இருக்கும்வரை திராட்டிலை ஐட்லிங் நிலையில் தாங்கிப் பிடித்து, சாவியை அணைத்ததும் முழுவதுமாக மூடவிடும் சோலினாய்டு (மின்சாரத்தால் நகரும் சிறு தண்டு) பல கார்களில் வந்தது. வேறு சில கார்புரேட்டர்களில் ஐட்லிங் ஜெட்டையே அடைக்கும் சோலினாய்டு உண்டு. உங்கள் காரில் அது இருந்தால், இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் போடும்போது "டிக்" என்று கேட்கிறதா என்று கவனியுங்கள்.

ஐட்லிங் சரியாக இருந்தும் தொந்தரவு தொடர்ந்தால், டைமிங்கையும் கூலிங்கையும் பிளக்கின் வெப்ப எண்ணையும் (பிளக் எவ்வளவு சூட்டை வெளியேற்றும் என்பதைக் காட்டுவது) சரிபார்த்துவிட்டு, அதன்பின் கரி எடுப்பதைப் பற்றி யோசிக்கலாம். சாவியை எடுத்த பிறகும் இன்ஜின் உதறாமல் சீராக ஓடிக்கொண்டே இருந்தால், அது வேறு கோளாறு: இக்னிஷன் ஸ்விட்ச் அல்லது வயரிங் வழியாகப் பிளக்குக்கு இன்னும் மின்சாரம் போகிறது.

கியர் மாற்றி ஓட்டும் காரில் உடனே நிறுத்த வேண்டுமென்றால், பிரேக்கை அழுத்தியபடி டாப் கியரில் போட்டுக் கிளட்சை மெல்ல விடுங்கள். பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் கார்களில் மின்சாரம் நின்றதும் இன்ஜெக்டர்கள் மூடிக்கொள்வதால் இந்தத் தொல்லை எழுவதில்லை.