பிளீ பார்கெய்னிங், அதாவது குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையைக் குறைத்துக்கொள்கிற பேரம், நியாயமான முறைதானா? செய்யாத குற்றத்தை யாராவது ஒப்புக்கொள்வார்களா?

ஒப்புக்கொள்வார்கள். தாராளமாக ஒப்புக்கொள்வார்கள். மும்பையில் ஒரு கிரிமினல் வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன், தாராவி, ஆன்டாப் ஹில் பக்கத்துத் தமிழ் ஆட்கள் கேஸ் என்றால் பேசிப் புரியவைக்க என்னைத்தான் அனுப்புவார்கள், அதை வைத்துச் சொல்கிறேன்.

ஒரு பையன், தென்காசிப் பக்கம் ஊர், இங்கே இட்லிக் கடையில் வேலை. பிளாட்பாரத்தில் பில் இல்லாமல் ஒரு பழைய போன் வாங்கியிருக்கிறான். அது திருட்டு போன். போனின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. நம்பரை வைத்துத் தேடிவந்து தூக்கிவிட்டார்கள். திருட்டுப் பொருளை வைத்திருந்ததாகக் கேஸ், அதிகபட்ச தண்டனை 3 வருஷம். ஜாமீன் கிடைத்துவிட்டது, ஆனால் உள்ளூர் ஜாமீன்தாரர் வேண்டும் என்று உத்தரவு. பத்துப் பேர் படுக்கிற அறையில் மூலையில் பாய் போட்டிருக்கிறவனுக்கு, ரேஷன் கார்டையும் சம்பளச் சீட்டையும் எடுத்துக்கொண்டு வந்து கையெழுத்துப் போட இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்? கடை முதலாளி போனையே எடுக்கவில்லை. மாதக்கணக்கில் உள்ளேயே கிடந்தான்.

அவன் கேஸ் எங்களுடையது இல்லை. அன்றைக்கு வேறு வேலையாக அந்தக் கோர்ட்டில் பின்னால் உட்கார்ந்திருந்தேன். "குன்ஹா கபூல் ஆஹே கா?" (குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா?) என்று மாஜிஸ்திரேட் மராத்தியில் கேட்டார். பையன் பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிளைப் பார்த்தான், அவர் கண்ணைக் காட்டினார், இவன் தலையை ஆட்டினான். உள்ளே இருந்த நாட்களே தண்டனை என்று எழுதி முடித்துவிட்டார்கள். வெளியே வந்தவனிடம் "ஏம்ப்பா ஒத்துக்கிட்டே?" என்றேன். "போன் எங்கிட்டதானே இருந்துச்சு அண்ணே" என்றான்.

போன் கையில் இருந்தது மட்டும் குற்றம் இல்லை. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வைத்திருந்தான் என்று நிரூபித்தால்தான் குற்றம். அது ஒன்றைத்தான் யாரும் அவனிடம் கேட்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால் இது பிளீ பார்கெய்னிங்கே இல்லை. சட்டப்படியான பிளீ பார்கெய்னிங் இந்தியாவில் 2006 ஜூலையில் வந்தது. இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 289 முதல் 300 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது. 7 வருஷம் வரை தண்டனையுள்ள குற்றங்களுக்கு மட்டும்தான், பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களுக்குக் கிடையாது, ஏற்கனவே அதே குற்றத்தில் தண்டனை பெற்றவர்களுக்கும் கிடையாது. குற்றம் சாட்டப்பட்டவரே மனுவும் பிரமாணப் பத்திரமும் போட வேண்டும். எதிர்த்தரப்பு இல்லாமல் நீதிபதி அவரைத் தனியாக விசாரித்து, மனமொப்பித்தான் போட்டாரா என்று பார்க்க வேண்டும். அப்புறம்தான் அரசு வக்கீல், விசாரித்த போலீஸ், பாதிக்கப்பட்டவர் எல்லாரும் உட்கார்ந்து பேசுவது, நஷ்ட ஈடு உட்பட. குறைந்தபட்ச தண்டனை என்று எதுவும் சொல்லாத குற்றமென்றால் அதிகபட்சத்தில் நான்கில் ஒரு பங்குதான் தண்டனை, முதல் குற்றவாளிக்கு ஆறில் ஒரு பங்கு. அந்தப் பையன் கணக்குக்கு 6 மாதம். இவ்வளவு பாதுகாப்பும் காகிதத்தில் இருக்க, நாடு முழுக்க நூற்றுக்கு ஒரு வழக்குகூட இந்த வழியில் முடிவதில்லை. ஒரு தலையாட்டலில் வேலை முடியும்போது யார் மனுப் போட்டுக்கொண்டிருப்பார்கள்?

இந்த முறை வருவதற்கு முன்னால் உச்ச நீதிமன்றத்துக்கு இது பிடிக்கவே இல்லை. 1976-இல் இதே மகாராஷ்டிராவிலிருந்து போன ஒரு எண்ணெய்க் கலப்பட வழக்கில், வியாபாரி குற்றத்தை ஒப்புக்கொண்டு லேசான தண்டனையோடு போவது ஜனங்களுக்குச் செய்கிற துரோகம் என்ற தோரணையில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் விளாசியிருப்பார். அவரே 1978-இல் மோதி ராம் வழக்கில், ஒரு கொத்தனாருக்குப் பத்தாயிரம் ரூபாய் ஜாமீனும் அதே மாவட்டத்து ஜாமீன்தாரரும் கேட்டதைப் பார்த்துக் கொதித்துப்போய், ஒரு மலையாளியோ தமிழனோ பஸ்தரிலோ சாந்தினி சௌக்கிலோ மாட்டினால் என்ன செய்வான் என்று கேட்டார். என்னைப் பொறுத்தவரை இந்த இரண்டு தீர்ப்பையும் சேர்த்துப் படித்தால் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். வெளியே இருந்துகொண்டு பேரம் பேசுகிறவன் மலிவாகத் தப்பிக்கிறான், உள்ளே இருந்துகொண்டு பேசுகிறவன் வீட்டுக்குப் போவதற்காகத் தன் பெயரையே கொடுத்துவிடுகிறான்.

அமெரிக்காவைப் பார் என்று சிலர் சொல்வார்கள். சரி, பார்ப்போம். 2012-இல் அந்த ஊர் உச்ச நீதிமன்றமே சொன்ன கணக்குப்படி மத்திய அரசு வழக்குகளில் தண்டனையானவற்றில் 97 சதவீதம், மாநிலங்களில் 94 சதவீதம் இப்படி ஒப்புக்கொண்டு முடிந்தவை. ஹேய்ஸ் என்பவர் மேல் 88 டாலர் 30 சென்ட் போலிச் செக் வழக்கு. ஒப்புக்கொண்டால் 5 வருஷம் கேட்கிறேன், இல்லையென்றால் பழைய குற்றங்களையும் சேர்த்து ஆயுள் தண்டனைக்குப் போவேன் என்றார் அரசு வக்கீல். அவர் மறுத்தார், ஆயுள் கிடைத்தது. 1978-இல் 5-க்கு 4 என்ற கணக்கில் அது செல்லும் என்று அதே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கோர்ட்டுக்குப் போய் வழக்கை நடத்தியதற்கே தண்டனை மாதிரி இல்லையா? அந்த அளவுக்கு நம் சட்டம் போகவில்லை என்பது ஆறுதல்தான்.

அதனால் பேரம் என்ற முறையே அநியாயம் என்று நான் சொல்லமாட்டேன். உண்மையிலேயே தப்பு செய்தவன், ஜாமீனில் வெளியே இருக்கிறான், பணத்தைத் திருப்பிக் கொடுத்து முடித்துக்கொள்ள நினைக்கிறான் என்றால் பத்து வருஷம் தேதி தேதியாக அலைவதைவிட இது எவ்வளவோ மேல், பாதிக்கப்பட்டவருக்கும் கையில் ஏதாவது கிடைக்கும். ஜாமீன் இல்லாதவனிடம் போய்ப் பேசுவதற்குப் பெயர் பேரம் இல்லை.

உங்கள் வீட்டு ஆள் யாராவது உள்ளே இருந்தால் முதலில் ஜாமீன் நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லி மனுப் போடுங்கள். ஜாமீன் கிடைத்து ஒரு மாதமாகியும் பத்திரம் கொடுக்க முடியவில்லை என்றால் கோர்ட் தானாகவே நிபந்தனையைக் குறைப்பது பற்றி யோசிக்கலாம், உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதையெல்லாம் பார்த்த பிறகும் பிளீ பார்கெய்னிங்தான் என்று முடிவானால், போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்த தேதியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், கோர்ட் குற்றச்சாட்டு வனைந்த (இன்ன குற்றம் என்று முறையாகப் பதிவு செய்த) நாளிலிருந்து 30 நாளுக்குள் மனுப் போட வேண்டும். தனி விசாரணையில் தமிழில் சொல்ல ஆள் வேண்டும் என்று கேளுங்கள். ஜெயிலுக்கு அனுப்பாமல் நன்னடத்தையின் பேரில் விடுகிற 1958-ஆம் வருஷத்து நன்னடத்தைச் சட்டத்தில் விடச்சொல்லியும் கேட்டுப்பாருங்கள், அதில் விட்டால் தண்டனையால் வரும் தகுதியிழப்பு ஒட்டாது (வேலை கொடுக்கிறவர் கேஸைப் பற்றிக் கேட்கமாட்டார் என்று அர்த்தமில்லை). இதையெல்லாம் கையெழுத்துக்கு முன்னாலேயே பேசிவிடுங்கள், ஏனென்றால் இந்தத் தீர்ப்புக்கு வழக்கமான அப்பீல் கிடையாது, ஹைகோர்ட்டில் ரிட் அல்லது உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு, அவ்வளவுதான்.