விலை ஏறுமா இறங்குமா தெரியவில்லை. வீடு எப்போது வாங்கலாம்?

சந்தையை விட்டுவிட்டு ஒரு கணக்கை மட்டும் பாருங்கள். அதன் பெயர் 'சரிக்கட்டும் காலம்': வாங்கும்போது போகும் செலவை ஈடுகட்ட அந்த வீட்டில் எத்தனை ஆண்டு இருக்க வேண்டும் என்பது.

தமிழ்நாட்டில் வீடு வாங்கினால் பொதுவாக முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 9%. 60 லட்ச ரூபாய்ப் பத்திரத்துக்கு 5.4 லட்சம். விற்கும்போது இது திரும்ப வராது. நகைக்குச் செய்கூலி, சேதாரம் கொடுப்பது போலத்தான். வாங்கிய நகையை அடுத்த மாதமே விற்றால் தங்கத்தின் விலைதான் கிடைக்கும், கூலி போனது போனதுதான். பல வருஷம் அணிந்தால் அந்தக் கூலி உறுத்தாது. அதனால் இரண்டு வருஷத்தில் வேலை மாறி ஊர் மாறுவீர்கள் என்றால், விலை எவ்வளவு மலிவாகத் தெரிந்தாலும் நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

வட்டியும் நம் கையில் இல்லை. 2020 மே மாதம் 4% ஆக இருந்த ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் (வங்கிகளுக்கு அது தரும் கடனுக்கான வட்டி) 2023 பிப்ரவரியில் 6.5% ஆனது. மாறும் வட்டியில் கடன் வாங்கியவர்களுக்கு மாதத் தவணை கூடியது, அல்லது கடன் காலம் நீண்டது. 50 லட்சம், 20 வருஷக் கடனுக்கு 8% வட்டியில் தவணை சுமார் 41,800 ரூபாய். 9% என்றால் சுமார் 45,000. இந்தக் கூடுதல் தொகையைக் கட்டிய பிறகும் ஆறு மாதச் செலவுக்குக் கையில் பணம் இருக்குமா? இருந்தால், பத்திரமும் வில்லங்கச் சான்றும் சரியாக இருந்தால், தாராளமாக வாங்கலாம்.

'வாடகை வீண், தவணை சேமிப்பு' என்பது பாதி உண்மைதான்: அந்த 41,800 ரூபாய் முதல் தவணையில் 33,300 ரூபாய்க்கு மேல் வட்டிக்கே போகிறது.