ஒடியல் மாத் தொழிலுக்கு வங்கி கேட்கும் பிரதான பாதீட்டை எப்படித் தயாரிப்பது?

யாழ்ப்பாணத்தில் ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு) மாவை 500 கிராம் பைக்கற்றாக விற்கத் தொடங்குகிறேன், வங்கி பிரதான பாதீடு (தொழிலின் முழு வருட வரவுசெலவுத் திட்டம்) கேட்கிறது, எந்த இடத்தில் தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் இதே மாவில்தான் தொடங்கினேன், அதனால் என் அனுபவத்தோடு சேர்த்தே சொல்கிறேன்.

உயர்தர வகுப்பில் படிப்பிக்கும் ஒழுங்கு சரியானதுதான். முதலில் விற்பனைப் பாதீடு. அதை வைத்து உற்பத்தி, உற்பத்தியை வைத்து மூலப்பொருள், கூலி, மேந்தலை (மின்சாரம் போன்ற பொதுச் செலவுகள்). பிறகு காசுப் பாதீடு (எந்த மாதம் எவ்வளவு காசு வரும், போகும் என்ற கணக்கு), இலாபநட்டக் கணக்கு, ஐந்தொகை (ஒரு நாளில் உள்ள சொத்தும் கடனும்). ஆனால் பருவத்தில் மட்டும் கிடைக்கும் பொருளை வைத்துத் தொழில் செய்பவர்கள் அதிக நேரம் செலவழிக்க வேண்டியது காசுப் பாதீட்டில்.

எனக்கு இது இரண்டாவது வருடம்தான் விளங்கியது. முதல் வருடக் கணக்கில் இலாபம் இருந்தது. தை பிறந்து சாவகச்சேரிச் சந்தைக்கு ஒடியல் வந்தபோது கையில் காசு இல்லை. முழுவதும் கடைகளில் நிலுவையாகக் கிடந்தது. மனைவியின் காப்பை அடைவு வைத்துத்தான் அந்த வருடச் சரக்கை வாங்கினேன். பன்னிரண்டு மாதத்துக்கும் காசுப் பாதீடு போட்டிருந்தால் அந்தப் பள்ளம் ஆறு மாதம் முன்னரே கண்ணில் பட்டிருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விலைகள் உதாரணத்துக்குத்தான், உங்கள் விலைகளைப் போட்டுக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 10,800 பைக்கற், அதாவது 5,400 கிலோ மா. புடைத்து, அரைத்து, அரிப்பதில் பத்து வீதம் கழிவு போனால் 6,000 கிலோ ஒடியல் வேண்டும். கிலோ 400 ரூபாய் என்றால் 24 இலட்சம். அரைகூலி, ஆட்கூலி, பை, லொறி எல்லாம் சேர்த்துப் பைக்கற்றுக்கு 80 ரூபாய், ஆக 8 இலட்சத்து 64 ஆயிரம். கடைக்கு 350 ரூபாய்க்குக் கொடுத்தால் வரவு 37 இலட்சத்து 80 ஆயிரம். இலாபம் 5 இலட்சத்துக்குச் சற்று மேல். நல்ல தொழில்தானே?

இதையே மாதவாரியாக எழுதுங்கள். ஒடியல் தையிலும் மாசியிலும் (ஜனவரி, பெப்ரவரி) வாங்க வேண்டும், சந்தையில் காசு கையில் கொடுத்தால்தான் சரக்கு. பங்குனியில் 700 பைக்கற் விற்கிறீர்கள். கடை 60 நாள் தவணை கேட்டால் அந்த 2 இலட்சத்து 45 ஆயிரம் வைகாசியில்தான் வரும். பங்குனி, சித்திரைச் செலவுகளையும் கூட்டினால், முதல் ரூபாய் உள்ளே வருமுன் 25 இலட்சம் வெளியே போயிருக்கும். நீங்கள் வங்கியிடம் கேட்க வேண்டிய தொகை இந்தப் பள்ளத்தின் ஆழத்திலிருந்து கைமுதலைக் கழித்து வருவது. பலர் இயந்திர விலையை மட்டும் எழுதிக் கடன் கேட்கிறார்கள், பிறகு இயந்திரம் இருக்கும், அரைக்க ஒடியல் இருக்காது.

விற்பனை எண்ணிக்கையை ஊகத்தில் எழுதாதீர்கள். புதுப் பொருளுக்குப் பழைய கணக்கு இல்லை. திருநெல்வேலி, சுன்னாகம், பருத்தித்துறைப் பக்கம் சில கடைகளுக்குப் பத்துப் பத்துப் பைக்கற் கொடுத்து, மாத முடிவில் போய் எண்ணுங்கள். இரண்டாம் தடவை கேட்கும் கடைகளை மட்டும் கணக்கில் எடுங்கள். மாதங்களைச் சமமாகப் பிரிக்கவும் வேண்டாம். நல்லூர்த் திருவிழா 25 நாளும், வெளிநாட்டிலிருந்து சொந்தங்கள் வந்து நிற்கும் ஆவணியும் வேறு மாதிரி.

அந்த எண்ணிக்கை சரியென்று நீங்கள் உறுதியாக நம்பினாலும், முதல் வருடம் அதில் அறுபது வீதத்துக்கு மட்டும் ஒடியல் வாங்குங்கள். ஆவணியில் சரக்கு முடிந்தால் மனம் வருந்தும், ஆனால் விற்காத ஒடியலில் வண்டு விழுந்தால் முதலே போய்விடும்.

உற்பத்திப் பாதீடு சுலபம்: விற்கப்போவதோடு மாத முடிவில் கையில் இருக்க வேண்டியதைக் கூட்டி, தொடக்க இருப்பைக் கழிக்க வேண்டும். கூலியில் ஒன்றை மறந்துவிடாதீர்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) உங்கள் பங்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு (ETF) 3 வீதம். 30,000 ரூபாய் சம்பளம் உங்களுக்கு 34,500. உங்கள் சொந்தச் சம்பளத்தையும் எழுதுங்கள், வீட்டுச் செலவு எப்படியும் அந்தக் காசிலிருந்துதான் போகும். மின்சாரத்துக்குக் கொஞ்சம் கூட்டியே போடுங்கள். 2022 ஆவணியில் கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 மாசியில் 66 வீதமும் ஏறியபோது, அரைக்கும் தொழில் செய்தவர்கள் பட்ட பாட்டை நேரில் பார்த்தேன். பெறுமானத்தேய்வு (இயந்திரம் தேய்ந்து பெறுமதி குறைவது) இலாபநட்டக் கணக்கில் வரும், காசுப் பாதீட்டில் வராது. இந்த இடத்தில் பிழை விட்டால் வங்கி அதிகாரி உடனே கண்டுபிடிப்பார்.

ஐந்தொகையை 31 பங்குனியில் (மார்ச்) எடுத்தால் களஞ்சியம் நிறையச் சரக்கும் வெறும் காசுப்பெட்டியும் தெரியும். பயப்பட வேண்டாம், பருவத் தொழிலில் அது வழமை. அதற்கு ஒரு வரி விளக்கம் எழுதி இணையுங்கள்.

வங்கிக்குப் போகும்போது பன்னிரண்டு நிரலுள்ள காசுப் பாதீட்டை மேலே வையுங்கள். ஆவணியில் விற்றது ஐப்பசியில்தான் கைக்கு வரும், அதனால் கடனின் முதல் தவணையை ஐப்பசியில் தொடங்கக் கேளுங்கள். அட்டவணையைக் காட்டிக் கேட்டதால் எனக்கு மூன்றாவது வருடம் அப்படிக் கிடைத்தது.